பொறியில் பிடித்த பீவரின் தோலை வீட்டிலேயே பதனிட்டு விற்கலாமா?

கேள்வி: வெண்பனிக்காடு

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவின் வடபகுதியில், சட்பரி நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய சிற்றூர் ஒன்றில் எட்டு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபது வயதைக் கடந்தவர். உரிமம் பெற்றுப் பொறி வைப்பவர். நீரில் அணைகட்டி வாழும் கொறிவிலங்குகளான பீவர்கள் தெருவோரக் கால்வாய்க் குழாய்களை மரக்கிளைகளாலும் சேற்றாலும் அடைத்துவிடுவதால் சரளைச் சாலைகள் வெள்ளத்தில் அரித்துப் போகின்றன. அப்போதெல்லாம் ஊராட்சியினர் அவரைத்தான் அழைப்பார்கள். முன்பு ஒவ்வொரு தோலையும் உரித்து உலர்த்தி ஏலத்திற்கு அனுப்பியவர், விலை வீழ்ந்துவிட்டதாலும் உடல் தளர்ந்துவிட்டதாலும் இப்போது பலவற்றை உரிக்காமலேயே காட்டில் விட்டுவிடுகிறார். கொன்ற விலங்கை இப்படி வீணாக்குவது அவருக்கே மனவருத்தம் தருகிறது என்று ஒருநாள் சொன்னார். அந்தப் பேச்சின் முடிவில் எனக்கு நான்கு தோல்களைத் தந்தார். இரண்டு பலகையில் ஆணியடித்து உலர்த்தியவை, ஒன்று உப்பிட்டது, மற்றொன்று உரித்தபடியே உறைபெட்டியில் வைத்திருந்தது.

உலர்ந்த தோல்கள் இரண்டையும் நானே பதனிட முயன்று தோற்றுவிட்டேன். முதல் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தேன். வயிற்றுப் பக்கத்து மயிர் கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தது. இரண்டாவதற்குக் கடையில் வாங்கிய படிகாரத்தையும் உப்பையும் கரைத்துப் பூசினேன். மயிர் நிலைத்தது என்றாலும், காய்ந்தபின் தோல் பனையோலைபோல விறைத்து, மடக்கினால் வெடிக்கிறது. என் மனைவி தையலில் தேர்ந்தவர். இந்தத் தோல்களில் கையுறையும் தொப்பியும் தைத்து விற்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

நான் எங்கே தவறினேன்? ஊரில் தோல் பதனிடப் பயன்படும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்த வேலைக்கு உதவுமா? விற்பதற்கு எந்த உரிமம் வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பாலாற்றங்கரை

ஐயா, நான் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். பிறகு கனடாவுக்கு வந்து, உரோமத் தோல்களைப் பதனிடும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதங்களில் நான் கற்றதைவிட மறந்ததுதான் அதிகம். ஏனென்றால் நம் ஊர்த் தொழிலில் மயிர் கழிவு, தோல்தான் சரக்கு. சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரின் வேரைத் தளர்த்தி, அதை முழுவதுமாக நீக்கிய பிறகே பதனிடும் வேலை தொடங்கும். இங்கேயோ மயிர்தான் சரக்கு. தோல் அதைத் தாங்கும் துணிபோன்றது. ஆகவே மயிர்வேரைத் தளர்த்தும் எதுவும், அது சுண்ணாம்பானாலும் சூடானாலும் காலதாமதமானாலும், இந்த வேலைக்குப் பகைதான். உங்கள் முதல் தோலில் நடந்ததும் இதுவே. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தபோது நுண்ணுயிர்கள் பெருகி மயிர்வேரைச் சுற்றியுள்ள பகுதியை அரித்துவிட்டன. வயிற்றுப் பகுதிதான் எப்போதும் முதலில் கெடும்.

உலர்ந்த தோலைக் குளிர்ந்த தண்ணீரில், கையளவு உப்பும் சேர்த்து, மென்மையாகும் வரை மட்டுமே ஊறவைக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, வளையத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். இன்னும் சில இடங்கள் விறைப்பாக இருந்தால் அங்கே மட்டும் ஈரத்துணியை மூடி வையுங்கள். உறைபெட்டியில் உள்ள தோலை அறை வெப்பத்தில் நெடுநேரம் விடாமல், பனி விலகியதும் சதையையும் கொழுப்பையும் நீக்கி, அன்றைக்கே உப்பிடுங்கள். தோலின் எடைக்கு ஏறக்குறையச் சம எடை உப்பு வேண்டும். அயோடின் சேர்க்காத பொடியுப்பாக இருக்கட்டும். தோலின் சதைப்பக்கம் முழுவதும், ஓரங்களிலும் மடிப்புகளிலும் விடாமல் தேய்த்து, சரிவான பலகையில் வைத்து நீர் வடியவிடுங்கள்.

இரண்டாவது தோல் விறைத்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று கருதுகிறேன். முதலாவது கொழுப்பு. பீவர் நீரில் வாழும் விலங்கு என்பதால் தோலுக்கடியில் தடித்த கொழுப்பும், பிய்த்தெடுக்கக் கடினமான ஒரு சவ்வும் இருக்கும். வளைந்த மரத்தின்மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் அந்தச் சவ்வை முற்றிலும் சீவ வேண்டும். அது மீந்த இடத்தில் பதனிடும் மருந்து உள்ளே இறங்காது. இந்த ஒரு வேலைக்கே, பழகாதவருக்கு ஒரு தோலுக்கு அரை நாள் ஆகும்; அதில் அவசரப்பட்டால் பின்னால் எந்த மருந்தும் ஈடுசெய்யாது.

இரண்டாவது, அமில ஊறல் விடுபட்டது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் உப்பும் 20 முதல் 25 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 2 அளவில் இருக்கிறதா என்று சோதனைத் தாளால் பார்த்துக்கொண்டு, தோலைக் குறைந்தது மூன்று நாள் அதில் மூழ்க வைத்து அவ்வப்போது கிளறுங்கள். இதில் உப்பைக் குறைத்தால் பேராபத்து. உப்பில்லாத அமிலத்தில் தோலின் நார்கள் நீரை உறிஞ்சி வீங்கிச் சிதைந்துவிடும். அந்த அளவு உப்பும் அமிலமும் சரியாக இருக்கும்வரை மயிர் உதிராது, அழுகலும் நேராது. ஊறலில் இருக்கும் நாட்களில் உங்களுக்கு அவகாசம் உண்டு. இடையில் வெளியே எடுத்து, தடித்த பகுதிகளை மீண்டும் சீவி மெலிதாக்கலாம்; அமிலத்தில் வீங்காமல் வெண்மையாகி நிற்கும் தோல் சீவுவதற்கு இணக்கமாக இருக்கும். ஊறல் முடிந்ததும், லிட்டருக்கு 7 கிராம் அளவில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் இருபது, முப்பது நிமிடம் அலசி, அமிலத்தைத் தணித்துவிடுங்கள்.

படிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 450 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் தண்ணீரிலும், 115 கிராம் சலவைச் சோடாவையும் 225 கிராம் உப்பையும் 2 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, சோடாக் கரைசலைப் படிகாரக் கரைசலுக்குள் மிக மெல்லக் கிளறிக்கொண்டே ஊற்றி, அதை மாவுடன் குழைத்துச் சதைப்பக்கத்தில் பூசுவது வட அமெரிக்காவின் பழைய பண்ணை முறை. இந்தக் கலவை நல்ல வெண்மையான, மெல்லிய தோலைத் தரும். ஆயினும் படிகாரம் தோல் நாருடன் உறுதியாகப் பிணைவதில்லை. நனைந்தால் கரைந்து வெளியேறி, தோல் பழையபடி விறைக்கும். சுவரில் மாட்டும் தோலுக்கு அது போதும். பனியில் நனையும் கையுறைக்கு, விலங்குகளைப் பாடம் செய்வோருக்கான கடைகளில் விற்கும் செயற்கைப் பதனிடு பொருள்களில் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது காரணம்தான் பெரும்பாலான புதியவர்களை வீழ்த்துவது. பதனிட்ட தோலுக்கு வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, சதைப்பக்கம் உள்ளே இருக்கும்படி ஓரிரவு மடித்துவைத்து, பிறகு உலரவிடுவோம். அது ஈரமாகவும் இல்லாமல் முற்றும் காயாமலும் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் இழுத்து, முறுக்கி, மழுங்கிய பலகை விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்த இடத்தில் வெள்ளை தோன்றினால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிகின்றன என்று பொருள். அந்த நேரத்தைத் தவறவிட்டுக் காயவிட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். லேசாக ஈரப்படுத்தி மீண்டும் முயலலாம். கடைசியில், பிசின் இல்லாத கடின மரத்தின் தூளில் புரட்டி உதறினால் மயிரில் ஒட்டிய எண்ணெய் நீங்கிப் பளபளப்பு வரும். பைன் மரத்தூள் வேண்டாம். அதன் பிசின் மயிரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நீங்கள் நினைத்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் இலண்டன் சந்தையில் தனிப்பெயர் பெற்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் பட்டையின் துவர்ப்பு தோலைத் தடிப்பாகவும் கனமாகவும் ஆக்கும். மயிரின் அடியையும் பழுப்பாக்கும். செருப்புக்கும் பைக்கும் அது சிறப்பு. விரலோடு வளைய வேண்டிய கையுறைக்கு அது பொருந்தாது.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரைக் கிணற்றருகிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். பாலாற்றங்கரையில் எங்கள் கிணறுகள் உப்பேறிப் போனதைக் கண்ணால் கண்டவன் நான். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் தொழிற்சாலைகளைப் பற்றித் தீர்ப்பு வழங்கியபோது நிலத்துக்கு நேர்ந்த கேடு ஏற்கெனவே பெரிதாகிவிட்டிருந்தது. அமிலத்தைச் சோடாவால் தணித்தாலும் உப்பு எங்கும் போய்விடாது. ஒரே ஊறலில் இரண்டு மூன்று தோல்களை முடித்து, மீந்த நீரை எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மறுமொழி: ஏரிக்கரைச் செல்வி

வணக்கம். நானும் என் கணவரும் ஒன்ராறியோவில் பொறி வைப்போருக்கான பயிற்சியை முடித்து உரிமம் பெற்றவர்கள். ஆகவே முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். இந்த மாகாணத்தில் இது 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாதவர் பொறி வைக்கக் கூடாது. பதனிடாத தோல்களை வாங்கி விற்பதற்கும், பிறருடைய தோல்களைக் கூலிக்குப் பதனிடுவதற்கும் தனித்தனி உரிமங்கள் உண்டு. பெரியவர் உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தது என்றாலும், நீங்கள் விற்க எண்ணுவதால், அவருடைய உரிம எண், பிடித்த நாள், இடம் ஆகியவற்றை எழுதி அவர் கையொப்பமிட்ட ஒரு சீட்டை ஒவ்வொரு தோலுடனும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் விற்பனைக்கு முன் இயற்கைவள அமைச்சின் உள்ளூர் அலுவலகத்தில் உங்கள் திட்டத்தை முழுமையாகச் சொல்லி எழுத்தில் பதில் பெறுங்கள். நீர்நாய், லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை, ஓநாய், கருங்கரடி ஆகியவற்றின் தோல்கள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அவற்றால் செய்த பொருளைக் கனடாவுக்கு வெளியே அனுப்ப அனுமதிச்சீட்டு வேண்டும். பீவர் அந்தப் பட்டியலில் இல்லாதது உங்களுக்கு எளிமை.

பாலாற்றங்கரை ஐயா உப்பிடச் சொன்னது, நீங்களே பதனிடும்போது சரியானது. ஆனால் ஏலத்திற்கு அனுப்பும் தோலில் உப்பே படக்கூடாது. நோர்த் பேயில் உள்ள ஏல நிறுவனம் காற்றில் உலர்த்திய தோலையே எதிர்பார்க்கிறது. பீவரை வயிற்றின் நடுவே கீறித் திறந்து உரித்து, பலகையில் நீள்வட்டமாக விரித்து, நெருக்கமாக ஆணியடித்து, அடுப்பின் அருகில் வைக்காமல் குளிர்ந்த காற்றோட்டத்தில் உலர்த்துவோம். மஸ்க்ராட், மிங்க், மார்ட்டன் போன்ற சிறிய உரோம விலங்குகளைப் பின்கால்களுக்கிடையே மட்டும் கீறி, காலுறையைக் கழற்றுவதுபோல முழுக்குழாயாக உரிப்பது வழக்கம். பீவரின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் அளந்து கூட்டி, 65ஐத் தாண்டினால் அதை ‘பிளாங்கெட்’ என்னும் பெரிய வகையில் சேர்ப்பார்கள்.

தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பருவம். உலர்ந்த தோலின் சதைப்பக்கத்தைப் பாருங்கள். வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் மயிர் முழுமையாக வளர்ந்து முதிர்ந்துவிட்டது. நீலமும் கருமையும் கலந்து தெரிந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்வேர்களின் நிறமி இன்னும் தோலுக்குள் இருக்கிறது என்று பொருள். அத்தகைய தோலில் மயிர் எளிதில் உதிரும். மிங்க், மார்ட்டன் போன்றவை குளிர்காலத் தொடக்கத்தில் முதிர்ந்துவிடும். பீவர் குளிர்காலத்தின் பிற்பகுதியில்தான் தன் சிறந்த நிலையை எட்டும். சாலையைக் காப்பதற்காகக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பிடிக்கும் பீவர்களின் தோல் தரம் குறைந்திருப்பது இதனால்தான். உங்கள் முதல் தோல் எந்த மாதத்தில் பிடித்தது என்று பெரியவரிடம் கேளுங்கள். தவறு முழுவதும் உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

உரிக்கும்போது கட்டாயம் இரப்பர் கையுறை அணியுங்கள். பீவரிலும் மஸ்க்ராட்டிலும் துலரீமியா என்னும் நோயை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே அது உடலுக்குள் சென்றுவிடும். எங்கள் உறவினர் ஒருவர் அலட்சியமாக வெறுங்கையால் உரித்து, காய்ச்சலும் அக்குளில் நெறிகட்டியுமாகப் பல வாரம் துன்புற்றார். பிறகு காய்ச்சல் வந்தால், எந்த விலங்கைத் தொட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான் மூளையைக் கொண்டு பதனிடும் முறையையும் கற்றிருக்கிறேன். எனக்குக் கற்பித்தவர் கிரீ என்னும் முதற்குடி இனத்துப் பாட்டி ஒருவர். விலங்கின் மூளையை வெந்நீரில் குழைத்துத் தோலில் ஊட்டும்போது அதிலுள்ள கொழுப்பு நார்களுக்கிடையே புகுந்து அவற்றை ஒட்டவிடாமல் காக்கிறது. பிறகு மென்மையாகும்வரை இழுத்து, உளுத்துப்போன மரத்தைத் தீயெழாமல் புகையவிட்டு அந்தப் புகையைக் காட்டுவார்கள். புகையில் உள்ள வேதிப்பொருள்கள் நாரைப் பிணைத்துவிடுவதால், அந்தத் தோல் நனைந்து காய்ந்தாலும் மீண்டும் மென்மையாகும். மூஸ் என்னும் பெரிய மானின் தோலை இப்படிச் செய்து, மணிக்கட்டில் பீவர் மயிர் வைத்து அவர் தைத்த கையுறையைப் பத்துக் குளிர்காலமாக அணிகிறேன். வாய்ப்பிருந்தால் உங்கள் பகுதியில் உள்ள முதற்குடி மக்களிடம் மரியாதையுடன் கேட்டு, கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். இந்நாட்டின் உரோமத் தொழில் அவர்கள் கைகளில் தொடங்கியது. அவர்கள் போர்த்திப் போர்த்தி நீண்ட மயிர் தேய்ந்து அடிமயிர் மட்டும் எஞ்சிய பழைய பீவர் மேலாடைகளைத்தான், தொப்பிக்கான, மயிரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணிக்காக ஐரோப்பிய வணிகர்கள் புதுத்தோலைவிட மேலாக விரும்பினார்கள். 1670இல் ஹட்சன் பே நிறுவனம் அரச பட்டயம் பெற்றபின் பீவர் தோலே கணக்கின் அலகாக மாறி, கெண்டியும் போர்வையும் துப்பாக்கியும் ‘இத்தனை பீவர்’ என்று விலை குறிக்கப்பட்டன.

மறுமொழி: ஸ்படைனாத் தையற்காரி

நான் ரொறன்ரோவில் உரோம ஆடைகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைக்கிறேன். உங்கள் மனைவிக்காகச் சில சொற்கள். உரோமத் தோலைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், அக்கா. தோலின் பின்பக்கத்தில் கோடு வரைந்து, தோலைச் சற்றே தூக்கிப் பிடித்துக் கூரிய அலகால் தோலை மட்டும் கீற வேண்டும். மயிர் ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது. முனை மூன்று பட்டையாக உள்ள தோல் ஊசியால், இரு விளிம்புகளையும் சேர்த்துச் சுற்றித் தையலிட்டு, உள்ளே சிக்கிய மயிரை ஊசியால் வெளியே இழுத்துவிட்டால் இணைப்பே தெரியாது. கையுறையின் இரண்டு பாகத்திலும் மயிர் ஒரே திசையில், விரல்நுனி நோக்கிச் சாயும்படி அமையுங்கள்.

விற்பனையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தை சுருங்கிக்கொண்டே வருகிறது. குளிர் அங்கியின் தலைமூடிக்குக் கயோட்டி என்னும் ஓநாயினத்து விலங்கின் மயிர் வைத்துப் பெயர்பெற்ற கனடா கூஸ் நிறுவனம், உரோமத்தைக் கைவிடப்போவதாக 2021இல் அறிவித்தது. கலிஃபோர்னியாவில் புதிய உரோமப் பொருள்களை விற்பது 2023 தொடக்கத்திலிருந்து சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. இணையத்தில் விற்றால் அங்கிருந்து பொருள் கேட்டு வரும் ஆர்டர்களை ஏற்காதீர்கள். எங்கள் கடைக்கு வரும் பழைய அங்கிகளே நிறைய. அவற்றைப் பிரித்துத் தொப்பியாக மாற்றுவதுதான் இப்போது எங்கள் வேலையில் பாதி.

என் மனத்தில் உள்ளதையும் மறைக்க விரும்பவில்லை. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் 1997இல் ஏற்படுத்திய மனிதநேயப் பொறித் தரநிலைகளின்படி, பீவரைக் கொல்லும் பொறி 300 விநாடிக்குள் அதன் உணர்வை அகற்றினால் போதும். ஐந்து நிமிடம் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. அழகுக்காக ஓர் உயிரை அப்படிக் கொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன். உங்கள் நிலை வேறு. சாலைக்காக ஏற்கெனவே கொல்லப்பட்ட விலங்கை அழுகவிடுவதைவிட, அதனால் ஒருவர் விரல்கள் உறைபனியில் காக்கப்படுவது எனக்கு ஏற்புடையதே. பொருளுடன் வைக்கும் சீட்டில் அந்த விலங்கு எங்கே, எதற்காக, யாரால் பிடிக்கப்பட்டது என்று எழுதுங்கள். வாங்குபவர் அதை அறிந்து முடிவெடுக்கட்டும்.

மறுமொழி: வெண்பனிக்காடு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவரிடம் கேட்டேன். மயிர் உதிர்ந்த தோல் அக்டோபர் தொடக்கத்தில் பிடித்ததாம். சதைப்பக்கம் செல்வி அம்மா சொன்னபடியே நீலம் பாய்ந்திருக்கிறது. விறைத்த தோல் மார்ச் மாதத்தது. சீட்டில் கையொப்பமிட அவர் மகிழ்ச்சியுடன் இசைந்தார். குழாய்கள் அடைபடாமல் தடுக்க வேலியும், தேங்கும் நீர் உயராமல் வடியவிடும் நீர்மட்டக் குழாயும் அமைக்கலாம் என்று நான் ஊராட்சியில் பேசப்போவதாகச் சொன்னபோது, தானும் உடன் வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: வீணாகிய இந்த இரண்டு தோல்களையும் எறிந்துவிடுவதா, மீட்க வழி உண்டா?

மறுமொழி: பாலாற்றங்கரை

எறிய வேண்டாம், ஐயா. விறைத்த தோலிலிருந்து தொடங்குங்கள். குளிர்ந்த உப்புநீரில் மென்மையாக்கி, மீந்த சவ்வைச் சீவி, அமில ஊறலிலிருந்து எல்லாப் படிகளையும் மறுபடி செய்யுங்கள். மார்ச் மாதத் தோல் என்பதால் மயிர் தாங்கும். மயிர் உதிர்ந்த தோலில் முதுகுப் பகுதியை விரலால் இழுத்துச் சோதியுங்கள். பிடித்து நின்றால் கெட்ட வயிற்றுப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல பகுதியை உடனே ஊறலில் போடுங்கள். அக்டோபர் மயிர் குட்டையாக இருக்கும், முழுக் கையுறைக்குப் போதாது. ஆனால் தொப்பியின் காதுமடலுக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் அது போதும். உப்பிட்ட தோலையும் உறைபெட்டித் தோலையும் இந்த இரண்டையும் முடித்துக் கை பழகிய பிறகு எடுங்கள். உறைபெட்டியில் உள்ளதைக் காற்றுப் புகாத இரட்டைப் பையில் சுருட்டி வைத்திருங்கள். ஓரங்கள் காய்ந்துவிட்டால் ஊறவைக்கும்போது அங்கேதான் முதலில் கெடும்.